போர்முனைக்குப் போன குரங்குக் குல்லா

மார்கழி பிறந்துவிட்டால் போதும், பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டிலிருந்து குரங்குக் குல்லா வெளியே வந்துவிடும். கண், மூக்கு, வாய் தவிர மற்றதெல்லாம் மூடிக்கொண்டு, பஜனைக்குப் போகும் தாத்தாவும் பால் வாங்கப் போகும் மாமாவும் ஒரே முகமாகத் தெரிவார்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஊட்டிக்கு எக்ஸ்கர்ஷன் கிளம்பினால், பஸ் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்கு முன்பே பாதிப் பேர் தலையில் அது ஏறியிருக்கும். கல்கத்தாக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

நாம் இப்படிக் கேலி செய்கிற குல்லாவுக்கு இங்கிலீஷில் 'பாலக்ளாவா' என்று பெயர். ஏதோ பலகாரத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, இல்லையா? உண்மையில் அது ஓர் ஊர். கருங்கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் கிரிமியா தீபகற்பத்தின் தென்கரையில் இருக்கும் சின்னத் துறைமுகம். அங்கே குளிரில் விறைத்துச் செத்த சிப்பாய்களின் நினைவைத்தான் நம் தாத்தாக்கள் தெரியாமலே தலையில் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

1853-ல் ருஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. அடுத்த வருஷம் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியின் பக்கம் சேர்ந்துகொண்டு, கிரிமியாவில் படையை இறக்கின. செவாஸ்தபோல் கோட்டையைக் குளிர்காலத்துக்குள் பிடித்துவிடலாம் என்று மேலிடத்தில் கணக்குப் போட்டார்கள். கோட்டை விழவில்லை, குளிர்காலம் வந்துவிட்டது. சிப்பாய்களிடம் இருந்ததோ கோடைக்கால உடுப்பு. 1854 நவம்பர் 14-ஆம் தேதி அடித்த பெரும் புயலில், குளிர்கால உடைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் பாலக்ளாவா துறைமுகத்துக்கு வெளியே பாறையில் மோதி முழுகிப்போயிற்று. அந்தக் கப்பல் முழுகியதைக்கூட விதி என்று விட்டுவிடலாம். அதற்கப்புறம் வந்து இறங்கிய சாமான்கள் துறைமுகத்திலேயே குவிந்து கிடந்தன. முகாம் இருந்தது சில மைல் தூரத்தில், மேட்டின் மேலே. நடுவில் நல்ல ரோடு கிடையாது, முழங்கால் சேறு. வண்டி இழுக்கும் குதிரைகளே தீனி இல்லாமல் செத்துக்கொண்டிருந்தன. கம்பளி கீழே, குளிரில் நடுங்கும் ஆள் மேலே!

'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியனுப்பினார். லண்டனில் காலைக் காபியோடு அதைப் படித்த பெண்களுக்கு மனசு கேட்குமா? ஃப்ளாரென்ஸ் நைட்டிங்கேல் 38 தாதிகளுடன் ஸ்குடாரி ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தப் போரில்தான். போக முடியாதவர்கள் ஊசியை எடுத்தார்கள். காலுறை, கையுறை, மஃப்ளர், காதை மூடும் குல்லா என்று மூட்டை மூட்டையாகப் பின்னி அனுப்பினார்கள். இந்தப் போரில் மாண்ட சுமார் 20,000 பிரிட்டிஷ் சிப்பாய்களில், குண்டடிபட்டும் வெட்டுப்பட்டும் செத்தவர்களைவிடக் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் குளிரிலும் செத்தவர்கள் பல மடங்கு.

ஒரு வேடிக்கை. அந்தப் போர் நடந்தபோது இந்தக் குல்லாவை யாரும் பாலக்ளாவா என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் அச்சில் வந்ததே கால் நூற்றாண்டு கழித்து, 1880-களில்தான். ஜனங்களின் ஞாபகத்தில் குளிர் என்றால் பாலக்ளாவா என்று பதிந்துபோய், அது குல்லாவில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே போர் நம் துணி பீரோவுக்கு இன்னும் இரண்டு பெயர்களைக் கொடுத்திருக்கிறது. முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டருக்குக் 'கார்டிகன்' என்று பெயர் வந்தது, பாலக்ளாவா சண்டையில் குதிரைப்படையைச் சாவுக்குள் நடத்திப்போன கார்டிகன் பிரபுவால். கழுத்திலிருந்து சாய்வாக இறங்கும் 'ராக்லன்' கை, வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த சேனாதிபதி ராக்லன் பிரபுவின் பெயரில். குழந்தைக்கு ராக்லன் கை வைத்து கார்டிகன் பின்னி, தலைக்குப் பாலக்ளாவா போட்டால், ஒரு முழுப் போரையே உடுத்தி அனுப்புகிறோம்!

1900-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது விக்டோரியா மகாராணிக்கு எண்பது வயது. பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் தன் கையாலேயே காக்கி நிறக் கம்பளி நூலில் எட்டு ஸ்கார்ஃப்கள் குரோஷா போட்டு, ஒவ்வொன்றிலும் தன் முதலெழுத்துக்களைப் பொறித்து, வீரச் செயல் புரிந்த சாதாரணச் சிப்பாய்களுக்கென்று அனுப்பினார். நாலு பிரிட்டிஷ் படைக்கு, நாலு காலனிப் படைகளுக்கு. ராணியே ஊசி பிடித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆனாலும் பின்னல் என்பது ஊரே சேர்ந்து செய்யும் வேலையாக, ஏறக்குறைய ஒரு வெறியாகவே ஆனது முதல் உலகப் போரில்தான். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. அடுத்த மாதமே மேரி ராணியிடமிருந்து பிரிட்டிஷ் பெண்களுக்கு வேண்டுகோள் வந்தது. மூன்று லட்சம் ஜோடி காலுறைகளும் மூன்று லட்சம் வயிற்றுப் பட்டைகளும் வேண்டும்!

காலுறை சரி, அது என்ன வயிற்றுப் பட்டை? அதற்குப் பெயர் 'காலரா பெல்ட்'. அந்தக் கதைக்கு வேர் நம் நாட்டில் இருக்கிறது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், வயிற்றில் குளிர்காற்று பட்டால்தான் காலரா வருகிறது என்று நம்பி, வெயில் கொளுத்தும் நாளிலும் இடுப்பில் ஃப்ளானல் பட்டை சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய டாக்டர் கல்கத்தாவுக்கே வந்து, காலராவுக்குக் காரணம் கிருமிதான், அது தண்ணீரில் பரவுகிறது என்று 1884-ல் காட்டிவிட்டார். முப்பது வருஷம் கழித்தும் பட்டாளம் பட்டையை விடவில்லை. லட்சக்கணக்கான பெண்கள் ராத்திரி கண் விழித்து, காலராவை ஒரு துளியும் தடுக்காத பட்டையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கதகதப்பு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். 'வயித்துல பனி இறங்கிடும்' என்று பிள்ளைக்கு வயிற்றுப் பட்டை கட்டுகிற பாட்டிமார்கள் நம்மிடையே இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்களைச் சிரிக்க நமக்கு வாயில்லை!

இந்த ராணி வேண்டுகோளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் அதுதான். சீமாட்டிகள் எல்லோரும் தர்மத்துக்குச் சட்டை தைக்கவும் காலுறை பின்னவும் உட்கார்ந்ததும், அதையே கூலிக்குச் செய்து வயிறு வளர்த்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்களின் கதி என்ன? போர் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தையல் கடைகளும் ஆலைகளும் ஆட்களைக் குறைத்து, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இல்லாமல் தெருவில் நின்ற நேரம் அது. மேரி மெக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவி, சங்கிலி செய்யும் பெண்களுக்கு 1910-ல் வேலை நிறுத்தம் நடத்திக் கூலி உயர்வு வாங்கித் தந்தவர், இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நீங்கள் இலவசமாகப் பின்னும் ஒவ்வொரு காலுறையும் இன்னொருத்தியின் வீட்டு அடுப்பை அணைக்கிறது என்கிற நியாயம். ராணியும் சாமானியப்பட்டவர் இல்லை. மெக்கார்தரை அழைத்துப் பேசினார். வேலையிழந்த பெண்களுக்குக் கூலியோடு வேலை கொடுப்பதற்கென்றே ராணியின் பெயரில் ஒரு நிதி தொடங்கி, அதை நிர்வகித்த கமிட்டிக்கு மெக்கார்தரையே காரியதரிசியாக வைத்தார்கள். பொழுதுபோக்காகச் செய்கிறோம், சும்மாவே செய்து தருகிறோம் என்று நாம் சொல்லும் ஒரு வேலைக்கு, பக்கத்துத் தெருவில் ஒருத்தி விலை வைத்துப் பிழைத்துக்கொண்டிருப்பாள். ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துத் தருகிறவளிடம் பேரம் பேசும்போதெல்லாம் எனக்கு மெக்கார்தர் ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, காலுறைக்கு வருவோம். ஒரு காலுறையில் போய் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சிப்பாய்கள் பதுங்கு குழிகளில் நாள் கணக்கில் சேற்றுத் தண்ணீரில் நின்றார்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால், பனி உறையும் அளவு குளிர்கூட வேண்டாம், பாதத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். முதலில் மரத்துப்போகும், அப்புறம் வீங்கிச் சிவந்து நீலம் பாயும், கவனிக்காவிட்டால் அழுகிவிடும். விரலை, சில சமயம் காலையே எடுக்க வேண்டி வரும். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் மட்டும் சுமார் 20,000 பேர் இந்தக் 'குழிக்கால்' நோயில் படுத்துவிட்டார்கள். மருந்து என்ன தெரியுமா? காலைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, காய்ந்த காலுறையை மாற்றிக்கொள்வது. ஒருவர் காலை இன்னொருவர் பார்த்து எண்ணெய் தேய்க்க வேண்டும் என்றே உத்தரவு போட்டார்கள். ஈரக் காலுறையைச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்து உடம்புச் சூட்டிலேயே உலர்த்தினார்கள். ஆக, ஒரு ஜோடி காய்ந்த காலுறை என்பது ஒரு பாதம்.

பின்னத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், காலுறையில் கஷ்டமான இடம் இரண்டு. ஒன்று குதிகால் திருப்புவது. இன்னொன்று விரல் நுனியை மூடுவது. நாலு ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னி வந்து, நுனியில் மிச்சமிருக்கும் கண்ணிகளைச் சாதாரணமாகத் தைத்து மூடினால் உள்ளே ஒரு வரப்பு நிற்கும். வீட்டுக்குள் போட்டு நடக்க அது போதும். பூட்ஸுக்குள் இருபது மைல் நடந்தால் அந்த வரப்பு விரலை அறுத்துக் கொப்புளம் ஆக்கிவிடும். எனவே கண்ணிகளை ஊசியிலேயே விட்டு, தையல் ஊசியில் அதே நூலைக் கோத்து, எதிரெதிர்க் கண்ணிகளுக்குள் ஒன்றுவிட்டு ஒன்று நுழைத்து, பின்னலே தொடர்ந்து போனது போல் மூடிவிடுவார்கள். தடவிப் பார்த்தாலும் இணைப்புத் தெரியாது. இந்த மூடுதலுக்குக் 'கிச்சனர் தையல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கிச்சனர் பிரபு யார்? 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைச் சேனாதிபதியாக இருந்தவர், 1914-ல் பிரிட்டனின் போர் மந்திரி. விரல் நீட்டி அழைக்கும் அந்தப் பெரிய மீசைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மீசைக்காரர் உட்கார்ந்து பின்னினார் என்று நம்ப வேண்டாம்! பின்னிய விரல்கள் பெயரில்லாத எத்தனையோ பெண்களுடையவை, பெயர் மட்டும் மந்திரிக்கு. உலகத்தில் இது முதல் தடவையும் அல்ல.

எல்லாமே நன்றாகப் பின்னப்பட்டன என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக் குட்டிகள் முதற்கொண்டு பின்னியதில், ஒரு காலுக்கு நீளமாக, மறு காலுக்குக் குட்டையாக, நடுவில் முடிச்சோடு எத்தனையோ வந்து சேர்ந்தன. துப்பாக்கி துடைக்க உதவியது என்று சிப்பாய்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஆனாலும் காலுறைக்குள் சின்னச் சீட்டில் பெயரும் ஊரும் எழுதி வைத்து அனுப்பிய பெண்களுக்குப் போர்முனையிலிருந்து நன்றிக் கடிதம் வந்ததுண்டு. ஆஸ்திரேலியாவில் மட்டும் அந்தப் போர் முடிவதற்குள் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிக் காலுறைகள் வீட்டுப் பெண்கள் கையால் பின்னப்பட்டன. நியூஸிலாந்தில் கவர்னரின் மனைவி லிவர்பூல் சீமாட்டி 1915-ல் பின்னல் குறிப்புகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். துப்பாக்கி விசையை இழுக்க வசதியாக ஒரு விரல் மட்டும் தனியாக இருக்கும் கையுறை, விரலே இல்லாத மணிக்கட்டு உறை என்று அந்தக் காலத்துக் குறிப்புகளில் விதவிதமாக உண்டு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குறிப்புகளில் 'குறைக்கால் உறை' என்று ஒன்று. கால் எடுக்கப்பட்டவர்களின் மிச்சக் காலுக்கு. குதிகால் திருப்ப வேண்டியதில்லை, பின்னுவதற்குச் சுலபம். எந்தத் தாய்க்கு அதைப் பின்ன மனசு வந்திருக்கும்!

நம் ஆட்களும் அந்தக் குளிரில் இருந்தார்கள். இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் 26-ல் பிரான்சின் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அவர்கள் உடம்பில் இருந்தது நம் ஊர் வெயிலுக்கான மெல்லிய காக்கி. ஒரு மாதத்துக்குள் பெல்ஜியத்தில் ஈப்ரே அருகே சேற்றில் இறக்கிவிட்டார்கள். பனியையே பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கென்றே லண்டனில் தனி நிதி ஒன்று திரட்டி, காலுறை, குல்லா, மஃப்ளர் எல்லாம் அனுப்பினார்கள். தலைப்பாகைக்குள் காதை மூடிக்கொண்டு பாலக்ளாவா போட்டுக்கொண்டார்கள் நம் ஆட்கள்.

இதே நேரத்தில் லண்டனில் நடந்த இன்னொரு சம்பவம் 'சத்திய சோதனை' படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். போர் தொடங்கி இரண்டு நாளில், 1914 ஆகஸ்ட் 6-ஆம் தேதி காந்திஜியும் கஸ்தூர்பாவும் லண்டனில் இறங்கினார்கள். காயம்பட்டவர்களுக்கு உதவ இந்தியர்களைச் சேர்த்து ஒரு படை அமைக்கும் முயற்சியில் இருந்தார் காந்திஜி. அங்கே 'லைஸியம்' என்று பெண்கள் கிளப் ஒன்று, சிப்பாய்களுக்கு உடைகள் தயாரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு அங்கத்தினர் சரோஜினி தேவி. அளவு பார்த்து வெட்டிய துணிகளை ஒரு குவியலாகக் கொண்டுவந்து காந்திஜி முன் வைத்து, எல்லாவற்றையும் தைத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாராம்! அவரும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு முடிந்தவரை தைத்துக் கொடுத்தார். சரோஜினி தேவியோடு முதல் பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது என்று காந்திஜியே எழுதியிருக்கிறார். பின்னாளில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முன்னால் நின்றவர்கள், முதலில் சந்தித்தது சிப்பாய்ச் சட்டைக் குவியலுக்கு நடுவில்!

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்கேயும் இந்த ஜுரம் பிடித்தது. ஸ்வெட்டர், மஃப்ளர், மணிக்கட்டு உறை, காலுறை ஒவ்வொன்றிலும் பதினைந்து லட்சம் வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கம் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் பின்னினார்கள், தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கும்வரை காத்திருந்த வீரர்கள் பின்னினார்கள். ஆண்பிள்ளை ஊசி பிடிப்பதா என்ற பேச்சே எழவில்லை. ஜனாதிபதி வில்ஸன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஆடு மேய்க்க ஏற்பாடு செய்தார். புல் வெட்டும் ஆட்களின் செலவு மிச்சம், கம்பளியும் ஆயிற்று. அந்த ரோமத்தை ஏலம் விட்டதில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,000 டாலருக்கு மேல் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரில் ஆலைகளே ஸ்வெட்டரை நெய்து குவித்தன. கையால் பின்ன வேண்டிய அவசியம் முன்னளவு இல்லை. ஆனாலும் பெண்கள் விடவில்லை. அமெரிக்கா போரில் சேர்வதற்கு முன்பே, 1941 செப்டம்பரில், எலினார் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் பின்னல் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். போகிற இடமெல்லாம் பின்னல் பையோடு போகிறவர் அவர். அதே வருஷம் நவம்பரில் 'லைஃப்' பத்திரிகை அட்டையிலேயே பின்னல் கற்றுக்கொடுத்தது. பிரிட்டனில் நிலைமை வேறு. 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்துவிட்டது. முதல் வருஷத்துக்குத் தலைக்கு 66 கூப்பன், பின்னல் நூலுக்கும் கூப்பன்தான். என்ன செய்தார்கள்? பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றி, அலசி, கனம் கட்டிச் சுருக்கம் நீக்கி, மறுபடி பின்னினார்கள். அப்பாவின் ஸ்வெட்டர் அண்ணனுக்கு, அண்ணனது குழந்தைக்கு, கடைசியில் மிச்சமான கலர் கலர் துண்டுகள் ஒரு போர்வைக்கு. வட கடலில் போன மாலுமிகளுக்கு எண்ணெய்ப் பிசுக்கு நீக்காத தடித்த கம்பளியில் முழங்காலுக்கு மேல் வரும் நீளக் காலுறை பின்னினார்கள். விரலெல்லாம் ஆட்டு வாடை அடிக்கும். ரேடியோ ஆபரேட்டர்களுக்குக் காது பக்கம் திறந்து மூடும்படி குல்லா.

ஃபிலிஸ் லாட்டூர் என்ற இருபத்திமூன்று வயதுப் பெண் 1944 மே மாதம் நார்மண்டியில் பாராஷூட்டில் குதித்தார். சின்னப் பெண் மாதிரி வேஷம் போட்டு, சைக்கிளில் சோப்பு விற்றுக்கொண்டே ஜெர்மன் படையின் நடமாட்டத்தை லண்டனுக்கு ரகசியச் செய்தியாக அனுப்பினார். சங்கேத எழுத்துக்கள் எழுதிய பட்டுத் துணியை ஒரு பின்னல் ஊசியில் சுற்றி, அதை ஷூ லேஸுக்குள் நுழைத்து, அந்த லேஸால் கூந்தலைக் கட்டியிருந்தார்! சோதனை போட்டபோது முடியை அவிழ்த்து உதறிக் காட்டினார், சிப்பாய்க்குச் சந்தேகமே வரவில்லை. நியூஸிலாந்தில் 2023-ல்தான் காலமானார், வயது 102.

ஜப்பானில் கம்பளி இல்லை, வேறு வழக்கம். 'ஆயிரம் பேர் தையல்' என்று ஒரு இடுப்புத் துணி. மகன் பட்டாளத்துக்குக் கிளம்புகிறான் என்றால், தாய் அந்த வெள்ளைத் துணியையும் சிவப்பு நூலையும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்திலோ கோயில் வாசலிலோ நிற்பாள். போகிற வருகிற பெண்களைக் கும்பிட்டு, ஆளுக்கு ஒரு முடிச்சுப் போடச் சொல்லுவாள். ஆயிரம் முடிச்சு ஆனால் குண்டு துளைக்காது என்று நம்பிக்கை. புலி வருஷத்தில் பிறந்தவள் கிடைத்துவிட்டால் அதிர்ஷ்டம், அவள் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சும் போடலாம். ஆயிரம் காதம் போனாலும் புலி திரும்பி வரும் அல்லவா? ரயில் நிலையத்தில் யார் எவர் என்று தெரியாத ஒருத்தியின் மகனுக்காக முடிச்சுப் போட்டுவிட்டு, தன் ரயிலைப் பிடிக்க ஓடியிருப்பாள் ஒவ்வொருத்தியும்.

1962 அக்டோபரில் சீனப் படை நம் எல்லையைத் தாண்டியது. பத்தாயிரம் அடிக்கு மேலே, பருத்தி யூனிஃபார்மிலும் கான்வாஸ் ஷூவிலும் நம் ஜவான்கள் நின்றார்கள். கிரிமியாவில் நடந்தது நூற்றெட்டு வருஷம் கழித்து இமயமலையில் மறுபடி நடந்தது. சொன்னால் கோபம் வருகிறது, ஆனால் அதுதான் உண்மை. நாடு முழுவதும் பெண்கள் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள், கம்பளி நூல் வாங்கி ஸ்வெட்டர் பின்னினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது, குன்னூரில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் முகாம் இருந்ததால் பட்டாளத்துப் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். தையல் டீச்சர் ஆளுக்கு இரண்டு ஊசியும் ஆலிவ் பச்சை நூல்கண்டும் கொடுத்தார். சாயந்திரம் ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார். "கண்ணி நழுவிடுச்சுன்னா அந்த ஓட்டை வழியா குளிர் உள்ளே போகும் புள்ளைங்களா" என்பார். பக்கத்து பெஞ்சில் அப்பா எல்லைக்குப் போன ஒருத்தி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் பின்னிக்கொண்டே இருப்பாள், பேசவே மாட்டாள். நவம்பர் 21-ல் சண்டை நின்றுவிட்டது. எங்கள் மஃப்ளர்கள் முடிந்தது டிசம்பரில். டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. சண்டைதான் நின்றது, பனி நிற்கவில்லையே!

இனி நம் வீட்டு விஷயம் ஒன்று. 'உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும், அதனால் குல்லா போடு' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதுவும் பட்டாளத்துச் சரக்குத்தான். 1970-ல் அமெரிக்க ராணுவத்தின் கையேடு ஒன்றில், சூட்டில் 40 முதல் 45 சதவிகிதம் தலை வழியே போகிறது என்று அச்சடித்துவிட்டார்கள். அதற்கு முன் நடந்த பரிசோதனைகளில் ஆட்களைக் கழுத்துவரை குளிர் உடுப்பால் மூடி, தலையை மட்டும் திறந்து விட்டிருந்தார்கள். திறந்த இடம் வழியாகத்தானே சூடு போகும்? பெரியவர்களுக்குத் தலை வழியே போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்று 2008-ல் இரண்டு டாக்டர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனால் பச்சைக் குழந்தை விஷயம் வேறு. அதற்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. பிறந்த புதிதிலும், வெளியே குளிரில் எடுத்துப் போகும்போதும் குல்லா அவசியம். வீட்டுக்குள் தூங்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். சூடு அதிகமானாலும், குல்லா நழுவி மூக்கை மூடினாலும் ஆபத்து. நாடா வைத்துக் கட்டும் குல்லாவானால் இன்னும் ஜாக்கிரதை.

நூல் வாங்கும்போதும் பட்டாளத்துப் பாடம் உதவும். 2001-க்குப் பிறகு ஆஃப்கானிஸ்தானுக்குப் போன வீரர்களுக்காக அமெரிக்கப் பெண்கள் இரும்புத் தொப்பிக்குள் போடும் குல்லா பின்னினார்கள். சுத்தக் கம்பளி மட்டுமே வேண்டும், அக்ரிலிக் கலப்பே கூடாது என்று கண்டிப்பு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் சில்லிடாது, தீ பட்டாலும் சுலபத்தில் பற்றாது. அக்ரிலிக்கோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் 'உல்லன்' என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். தோய்ப்பதற்குச் சுலபம், விலையும் குறைவு, நானும் வாங்குகிறேன். ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் நிற்பதில்லை. சந்தேகமானால் ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேலாக, நெருப்பில் காட்டிப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக்.